சோறு தின்கிற உடம்பு என்று எழுதியவருக்கு

போன ஞாயிறு காலைப் பயிற்சிக்கு என் லெஃப்ட் பேக் வரவில்லை. அவனுக்குப் பதில் அவன் அப்பா வந்தார். ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர். நைட் ஷிப்ட் முடித்து, தேன்கனிக்கோட்டை பஸ்ஸைப் பிடித்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே மைதானத்துக்கு வந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். உங்கள் சென்ற இதழில் வந்த கட்டுரை. "படிச்சவங்களே எழுதியிருக்காங்க சார், நம்ம பசங்களுக்கு இது ஆகாதுன்னு. தம்பி இனிமே வரமாட்டான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மகனை ஒரு வீண் ஆசையிலிருந்து காப்பாற்றிவிட்ட நிம்மதியோடு சொன்னார். அந்த நிம்மதிதான் என்னை இதை எழுத உட்கார வைத்தது.

கட்டுரையாளரும் எங்கள் மாவட்டத்துக்காரர்தான். அவர் பெயர் எனக்கு வேண்டாம், வாதம் போதும். 2026 உலகக் கோப்பைக்கு உஸ்பெகிஸ்தான் தகுதி பெற்றதற்கு அவர் மூன்று காரணம் சொல்கிறார். அணிகளின் எண்ணிக்கையை 32லிருந்து 48ஆக உயர்த்தியதால் கிடைத்த இலவச டிக்கெட் என்பது ஒன்று. சோவியத் யூனியன் விட்டுச்சென்ற சொத்து என்பது இரண்டு. குதிரை இறைச்சி தின்று வளர்ந்த மத்திய ஆசிய உடம்பு என்பது மூன்று. சோறு தின்கிற நமக்கு இந்த மூன்றுமே கிடையாதாம். ஆகவே தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, தளிப் பிள்ளைகள் பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ஐ.டி.ஐ.யில் சேரட்டும் என்று முடிக்கிறார். இந்த மூன்று காரணங்களில் ஒன்றுகூட உண்மையைத் தாங்கி நிற்கவில்லை. மூன்றாவது காரணம் பிள்ளைகளின் மனதில் நஞ்சு.

இலவச டிக்கெட்டிலிருந்து தொடங்குகிறேன். ஆசியாவுக்கு நேரடி இடங்கள் நான்கிலிருந்து எட்டாக உயர்ந்தது உண்மை. ஆனால் உஸ்பெகிஸ்தான் எப்படி உள்ளே போனது என்று அவர் பார்த்தாரா? மூன்றாம் சுற்றில் ஈரான், ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், கிர்கிஸ்தான், வட கொரியா இருந்த குழுவில் பத்து ஆட்டங்கள். ஆறு வெற்றி, மூன்று டிரா, ஒரே ஒரு தோல்வி. மொத்தம் 21 புள்ளிகள். 23 புள்ளி எடுத்த ஈரானுக்கு அடுத்த இடம். மூன்றாவதாக வந்த அமீரகத்துக்கு 15 புள்ளிதான். ஈரானிடம் இரண்டு முறை ஆடியும் தோற்கவில்லை. 2025 ஜூன் 5 அன்று அபுதாபியில் அமீரகத்தோடு 0-0 என்று முடித்தபோதே, இன்னும் ஓர் ஆட்டம் மீதமிருக்கத் தகுதி பெற்றுவிட்டார்கள். பழைய நான்கு இட முறையிலும் குழுவில் முதல் இருவருக்குத்தான் நேரடி இடம். அந்த இரண்டாம் இடத்தில்தான் இவர்கள் நிற்கிறார்கள். கூடுதலாகத் திறந்த கதவுகளின் பயன் கடைசியாக வந்தவர்களுக்கு.

அதே கதவு நமக்கும் திறந்திருந்தது. இரண்டாம் சுற்றில் நம் குழுவில் கத்தார், குவைத், ஆப்கானிஸ்தான். இரண்டாம் இடம் வந்தாலே அடுத்த சுற்று. 2024 மார்ச்சில் குவஹாத்தியில், நம் மண்ணில், ஆப்கானிஸ்தானிடம் 1-2 என்று தோற்றோம். ஜூனில் கத்தாரிடம் 1-2. எல்லைக்கோட்டைத் தாண்டிப் போன பந்தைத் திரும்ப இழுத்து அடித்த கோலை நடுவர் ஒப்புக்கொண்டது அநியாயம்தான். ஆனால் அந்த அநியாயம் நம்மை வெளியேற்றும் நிலைக்கு நம்மைக் கொண்டுவந்தது குவஹாத்தி. இலவச டிக்கெட் என்று ஒன்று இருந்திருந்தால் அது நம் கைக்கும் வந்திருக்குமே?

நடுவரின் அநியாயம் என்றால் என்ன என்று தாஷ்கண்டில் போய்க் கேட்க வேண்டும். கட்டுரையாளர் தொடவே தொடாத வரலாறு இது. தொட்டிருந்தால் அவர் வாதம் அந்த இடத்திலேயே சரிந்திருக்கும்.

2005 செப்டம்பர் 3. உலகக் கோப்பைத் தகுதிக்கான பிளே ஆஃப், எதிரே பஹ்ரைன். உஸ்பெகிஸ்தான் 1-0 என்று முன்னிலையில் இருக்கிறது. முதல் பாதியிலேயே பெனால்டி கிடைக்கிறது. ஜெபரோவ் அடித்தார், பந்து வலைக்குள் போனது. அடிக்கும் முன்பே சக ஆட்டக்காரர் ஒருவர் பெட்டிக்குள் நுழைந்துவிட்டார். விதிப்படி பெனால்டியை மறுபடி அடிக்க விட வேண்டும். ஜப்பானிய நடுவர் யோஷிதா பஹ்ரைனுக்கு ஃப்ரீ கிக் கொடுத்தார். ஆட்டம் 1-0 என்றே முடிந்தது. ஆட்டத்தை 3-0 என்று தங்களுக்கே அறிவிக்கும்படி உஸ்பெக் சங்கம் முறையிட்டது. ஃபிஃபா ஆட்டத்தையே ரத்து செய்து, மறு ஆட்டம் வைத்தது. அதாவது ஜெயித்த ஆட்டமும் போனது. மறு ஆட்டம் தாஷ்கண்டில் 1-1, பிறகு மனாமாவில் 0-0. வெளியூரில் அடித்த ஒரு கோலின் பலத்தில் பஹ்ரைன் முன்னேறியது.

அடுத்து 2013. குழுவில் தென் கொரியாவுக்கும் 14 புள்ளி, உஸ்பெகிஸ்தானுக்கும் 14 புள்ளி. கோல் வித்தியாசம் கொரியாவுக்கு 6, இவர்களுக்கு 5. ஒரே ஒரு கோல். பிளே ஆஃப்பில் ஜோர்டானோடு இரண்டு ஆட்டமும் 1-1. பெனால்டியில் 8-9 என்று தோல்வி, அதுவும் தாஷ்கண்டில், சொந்த ஜனத்தின் கண்முன். அடுத்து 2017 செப்டம்பர் 5. கடைசி ஆட்டத்தில் கொரியாவை வென்றாக வேண்டும். 0-0. சிரியாவுடன் புள்ளிகள் சமம், கோல் வித்தியாசத்தில் நான்காம் இடம், பிளே ஆஃப்கூட இல்லை. 2022க்கான தகுதிச் சுற்றில் இரண்டாம் கட்டத்திலேயே வெளியே. நடுவில் 2011 ஆசியக் கோப்பை அரையிறுதியில் ஆஸ்திரேலியாவிடம் 0-6.

இருபது வருஷம் இப்படி வாசல்வரை போய்த் திரும்பிய ஒரு ஜனத்தைப் பார்த்து இலவச டிக்கெட் என்று எழுத ஒருவருக்கு எப்படிக் கை வருகிறது? 0-6க்குப் பிறகு, ஜோர்டானுக்குப் பிறகு, எங்கள் உடம்புக்கு இது ஆகாது என்று தாஷ்கண்டில் எழுதியிருக்க எல்லா முகாந்திரமும் இருந்தது. அவர்கள் அந்த ஆறுதலைத் தேடவில்லை.

சோவியத் சொத்து என்ற வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. மைதானங்கள், பயிற்சியாளர்கள், விளையாட்டுப் பள்ளிகள் இருந்தன. ஆனால் அதே சொத்து துர்க்மெனிஸ்தானுக்கும் கிர்கிஸ்தானுக்கும் தஜிகிஸ்தானுக்கும் கஜகஸ்தானுக்கும் கிடைத்ததே. ஐந்து பங்காளிகளில் ஒருவர் மட்டும் உலகக் கோப்பைக்குப் போயிருக்கிறார் என்றால் காரணம் பாகப்பிரிவினையில் இல்லை, பிறகு நடந்த உழைப்பில் இருக்கிறது.

அந்தச் சொத்தும் முழுசாக வந்து சேரவில்லை. தாஷ்கண்டின் பக்தகோர் கிளப் 1956இல் தொடங்கியது. பக்தகோர் என்றால் பருத்தி விளைவிப்பவர் என்று பொருள். 1979 ஆகஸ்ட் 11 அன்று, மின்ஸ்க் நகரத்துக்கு ஆட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த அந்த அணி இருந்த விமானம் உக்ரைன் வானத்தில் இன்னொரு விமானத்தோடு மோதியது. இரண்டு விமானங்களிலும் 178 பேர் இறந்தார்கள். அதில் பக்தகோர்க்காரர்கள் 17 பேர். ஒரு தேசத்தின் ஒரு தலைமுறைக் கால்பந்து ஒரே நிமிஷத்தில் எரிந்து விழுந்தது. மற்ற சோவியத் கிளப்புகள் ஆட்டக்காரர்களைக் கொடுத்து அந்த அணியை மறுபடி நிற்க வைத்தன. உஸ்பெகிஸ்தான் தனி நாடாகத் தன் முதல் ஆட்டத்தை ஆடியது 1992இல், தஜிகிஸ்தானோடு, 2-2. இரண்டே ஆண்டில் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் இறுதி ஆட்டத்தில் சீனாவை 4-2 என்று வென்று தங்கம்.

இப்போது நம் சொத்துக்கணக்கைப் பார்ப்போம். டூரண்ட் கோப்பை 1888இல் தொடங்கியது. மோகன் பகான் வெள்ளைக்காரப் படை அணியை வென்று ஷீல்டு தூக்கியது 1911. பக்தகோர் பிறந்த அதே 1956இல் நாம் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று அடித்தோம். நெவில் டிசூசா ஹாட்ரிக். இறுதியில் நான்காம் இடம். 1951 தில்லியில் ஈரானை வென்று ஆசியத் தங்கம். 1962 ஜகார்த்தாவில் தென் கொரியாவை 2-1 என்று வென்று மறுபடி தங்கம். 1964 ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம். உஸ்பெகிஸ்தானைவிடப் பெரிய சொத்து நம்முடையது. அதை விற்றுத் தின்றவர்களைப் பற்றிக் கட்டுரையாளர் ஒரு வரி எழுதவில்லை. 1988இலிருந்து 2022 வரை 34 ஆண்டுகள் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கு இரண்டே தலைவர்கள், இருவரும் அரசியல்வாதிகள். 2022 ஆகஸ்டில் ஃபிஃபா நம்மைத் தடை செய்தது. 2025இல் ஒப்பந்தத் தகராறில் ஐ.எஸ்.எல். போட்டியே குறித்த காலத்தில் தொடங்கவில்லை. அந்த அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் தோற்று ஆசியக் கோப்பை வாய்ப்பையும் இழந்தோம். இதற்கெல்லாம் என் லெஃப்ட் பேக் தின்கிற சோறா காரணம்?

சோற்றுக்கு வருகிறேன். உஸ்பெகிஸ்தானின் தேசிய உணவு பலாவ். அரிசி, கறி, காரட், வெங்காயம் போட்டுப் பெரிய இரும்புச் சட்டியில் கிளறுவது. கல்யாணம், சாவு, விருந்து எல்லாவற்றுக்கும் அதுதான். 2016இல் யுனெஸ்கோ பட்டியலிலேயே ஏறிய அரிசிச் சாப்பாடு. சோறு தின்கிறவனுக்குக் கால்பந்து வராது என்று எழுதியவர், தான் உதாரணம் காட்டும் நாட்டுக்காரர்கள் எதைத் தின்கிறார்கள் என்றுகூடத் தெரிந்துகொள்ளவில்லை. இங்கே எங்கள் மலைக்காட்டுப் பிள்ளைகளில் பாதிப் பேர் வளர்ந்தது ராகிக் களியில் என்பதையும் மறந்துவிட்டார். அவரும் அதைத் தின்றுதான் வளர்ந்திருப்பார்.

உடம்பு வாதத்துக்கு என்னிடம் இன்னொரு பதில் இருக்கிறது, கண்ணால் பார்த்த பதில். 2017 ஜூன் 13 அன்று பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் இந்தியாவும் கிர்கிஸ்தானும் மோதின. இங்கிருந்து இரண்டு பஸ் மாறினால் போய்விடலாம். பன்னிரண்டு பையன்களைக் கூட்டிக்கொண்டு போனேன். அத்திப்பள்ளி தாண்டியதும் பஸ்ஸில் பேச்சு கன்னடத்துக்கு மாறியது. எங்கள் பையன்களுக்கு அது ஒரு பொருட்டில்லை. எங்கள் மைதானத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கிலும் பந்து கேட்பார்கள். கிர்கிஸ்தான்காரர்கள் உயரமாக, திடமாகத்தான் இருந்தார்கள். முதல் பாதி முழுக்க என் பக்கத்தில் இருந்தவன் நகம் கடித்துக்கொண்டிருந்தான். 69ஆம் நிமிடம், ஜேஜே தடுப்பாட்டக்காரர்களின் தலைக்கு மேலே பந்தைத் தூக்கிப் போட, சேத்ரி ஓடிவந்த வேகத்தில் அடித்தார். 1-0. ஆட்டம் முடியும்வரை அப்படியே. குதிரை இறைச்சி உடம்பை அன்று வென்றது, நம் ஊர்த் தெருவில் நடந்து போனால் யாரும் உயரமானவர் என்று சொல்லாத ஒரு மனிதர்.

அந்தக் கதை அங்கே முடியவில்லை. அடுத்த மார்ச்சில் பிஷ்கெக்கில் அவர்கள் 2-1 என்று வென்றார்கள். இரு நாடும் 2019 ஆசியக் கோப்பைக்குப் போயின. அது கிர்கிஸ்தானுக்கு முதல் ஆசியக் கோப்பை. அவர்கள் அடுத்த சுற்றுக்கு முன்னேறி, போட்டியை நடத்திய அமீரகத்தைக் கூடுதல் நேரம்வரை இழுத்தார்கள். நாம் குழுச் சுற்றிலேயே திரும்பினோம். 2008இல் ஆசிய சேலஞ்ச் கோப்பை இறுதியில் தஜிகிஸ்தானை 4-1 என்று வென்றோம், சேத்ரி ஹாட்ரிக். 2025 ஆகஸ்டில்கூட அவர்கள் ஊரான ஹிசோரில் போய் 2-1 என்று வென்றோம். அதே தஜிகிஸ்தான் 2024இல் தன் முதல் ஆசியக் கோப்பையிலேயே காலிறுதி ஆடியது. ஓர் ஆட்டத்தில் அவர்களை நம்மால் வெல்ல முடிகிறது. பத்து வருஷத்தில் அவர்கள் நம்மைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். உடம்பு காரணம் என்றால் முதலாவது நடந்திருக்காது.

எந்த இடத்தில் தாண்டுகிறார்கள்? கட்டுரையாளர் கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வி இதுதான். 2023 ஜூனில் தாய்லாந்தில் நடந்த 17 வயதுக்கு உட்பட்டோர் ஆசியக் கோப்பையில் இந்தியப் பிள்ளைகள் உஸ்பெகிஸ்தானிடம் 0-1 என்றுதான் தோற்றார்கள். அந்த உஸ்பெக் பிள்ளைகள் ஐந்து மாதம் கழித்து அதே வயதினர் உலகக் கோப்பையில் இங்கிலாந்தை 2-1 என்று வென்று காலிறுதிக்குப் போனார்கள். ஆக, 17 வயதில் நமக்கும் அவர்களுக்கும் இருந்த தூரம் ஒரு கோல். 2024 ஜனவரியில் ஆசியக் கோப்பையில் பெரியவர்கள் மோதியபோது 0-3. 17க்கும் 23க்கும் நடுவில்தான் நம் பையன்கள் காணாமல் போகிறார்கள்.

உஸ்பெகிஸ்தான் அந்த ஆறு வருஷத்தைப் பிடித்துக்கொண்டது. முதலில் அவர்களும் பணத்தைத் தவறான இடத்தில்தான் கொட்டினார்கள். 2008இல் புன்யோத்கோர் கிளப் ரிவால்டோவைக் கூட்டிவந்தது, ஸிக்கோவையும் மறு ஆண்டு ஸ்கொலாரியையும் பயிற்சியாளர்களாக்கியது. நாம் 2014இல் டெல் பியரோவையும் பிரேஸையும் கூட்டிவந்த மாதிரி. அதில் தேசிய அணிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு 2021இல் ஒலிம்பிக் என்ற பெயரிலேயே ஒரு கிளப்பைத் தொடங்கி, இளைஞர் அணிப் பையன்களைப் பெரியவர்களோடு மோதவிட்டார்கள். உதை வாங்கட்டும், தோற்கட்டும், ஆனால் வாராவாரம் ஆடட்டும் என்று. 2018இலேயே 23 வயதுக்கு உட்பட்டோர் ஆசியப் பட்டம் வந்திருந்தது; அதன் பிறகு 2023இல் 20 வயதினர் பட்டம், 2025இல் 17 வயதினர் பட்டம். 2024இல் பாரிஸ், கால்பந்தில் அவர்களின் முதல் ஒலிம்பிக். அப்துகோதிர் குசானோவ் 18 வயதில் பெலாரூஸுக்குப் போய், அங்கிருந்து பிரான்சின் லான்ஸ், 20 வயதில் மான்செஸ்டர் சிட்டி. பெரிய ஊரிலிருந்து கூப்பிடும்வரை அந்தப் பையன் காத்திருக்கவில்லை. ஆடக் கிடைக்கிற சின்ன ஊருக்குப் போனான்.

இதே யோசனை அவர்களுக்குப் பதினோரு வருஷம் முன்னாடியே நம்மிடம் இருந்தது என்பதுதான் என் நெஞ்சை அடைக்கிறது. 2010இல் இளம் ஆட்டக்காரர்களுக்காகவே கூட்டமைப்பு ஓர் அணி தொடங்கியது. இந்தியன் ஆரோஸ் என்று பிற்பாடு எல்லோருக்கும் தெரிந்த அணி அது. 2013இல் மூடினார்கள். 2017இல் நாம் நடத்திய 17 வயதினர் உலகக் கோப்பையில் கொலம்பியாவுக்கு எதிராக ஜீக்சன் சிங் கோல் அடித்தபோது மறுபடி ஞாபகம் வந்து, மறுபடி திறந்தார்கள். 2022இல் மறுபடி மூடிவிட்டார்கள். விதையை நட்டு, முளைத்ததா என்று தோண்டித் தோண்டிப் பார்த்தால் எந்தச் செடி வளரும்?

உஸ்பெகிஸ்தான் எல்லாவற்றிலும் நமக்கு வழிகாட்டி என்று நான் சொல்லமாட்டேன். பள்ளிப் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்திப் பருத்திக் காட்டுக்கு அனுப்பிய நாடு அது. சமீப காலம்வரை நடந்த கொடுமை. அரசு நினைத்தால் ஒரே உத்தரவில் மைதானம் கட்டலாம் என்ற அந்த ஆட்சிமுறை எனக்கு வேண்டாம். ஆனால் பதினேழு வயதுப் பையனை வாராவாரம் ஆட வைப்பதற்குச் சர்வாதிகாரம் தேவையில்லை.

கால்பந்து நம் மண்ணுக்கு அந்நியம் என்று கட்டுரையாளர் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார். சுதந்திர இந்தியா ஒலிம்பிக்கில் அடித்த முதல் கோல், 1948இல் லண்டனில் பிரான்சுக்கு எதிராக. அடித்தவர் சாரங்கபாணி ராமன். அந்த அணியில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். 1962 ஜகார்த்தா இறுதி ஆட்டத்தில் கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஆடிய சைமன் சுந்தரராஜ் தஞ்சாவூர்க்காரர். கேரளம் 1973இல் முதல்முறை சந்தோஷ் கோப்பை வென்றபோது பயிற்சியாளராக இருந்தவரும் அவர்தான். பெங்களூரில் தமிழர்கள் நிறைந்த கவுதமபுரத்தில் பெலேவுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். வியாசர்பாடியிலிருந்து நந்தகுமார் இந்திய அணிவரை போனார். கடலூர்ப் பக்கத்திலிருந்து இந்துமதி போனார். 2018இல் மணிப்பூரையே இறுதி ஆட்டத்தில் வென்று தேசியப் பட்டம் தூக்கியது தமிழ்நாட்டுப் பெண்கள் அணி. இவர்கள் யாரும் அந்நியர் இல்லை.

எங்கள் பகுதிக்கே வாருங்கள். ஓசூர் சிப்காட் பக்கம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காலி மனைகளைப் பாருங்கள். ஜார்க்கண்ட், ஒடிசா, அசாமிலிருந்து வேலைக்கு வந்த பையன்கள் செங்கல்லைக் கோல் போஸ்ட்டாக வைத்து ஆடிக்கொண்டிருப்பார்கள். வாரம் ஆறு நாள் லைனில் நின்ற கால்கள் அவை. போன வருஷம் அவர்களில் நான்கு பேரை எங்கள் பையன்களோடு ஆடக் கூப்பிட்டேன். அந்த ஒரு வருஷத்தில் எங்கள் பையன்கள் கற்றுக்கொண்டதை நான் ஐந்து வருஷம் விசிலூதிக் கற்றுக்கொடுத்திருக்க முடியாது. ஐ.டி.ஐ. படிக்கட்டும் என்கிறார் கட்டுரையாளர். என்னிடம் ஆடியவர்களில் பலர் ஐ.டி.ஐ. முடித்து இங்கேயே வேலையில் இருக்கிறார்கள். காலை ஆறரையிலிருந்து எட்டுவரை ஆடியதால் யாருடைய சான்றிதழும் கெட்டுப்போகவில்லை. இந்தப் பகுதியில் எங்களுக்கு இல்லாதது மூன்று. இரண்டு கோல் போஸ்ட்டும் கோடு போட்ட தரையும் உள்ள ஒரு பொது மைதானம். வருஷத்தில் ஆறு மாதமாவது ஓடுகிற ஒரு மாவட்ட லீக். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பையன் போய்ச் சேர ஓர் அணி. இந்த மூன்றைக் கேட்டு அவர் எழுதியிருந்தால் அந்தத் தாளை நானே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன்.

மடித்த அந்தத் தாள் இப்போது என் மேசையில் இருக்கிறது. இந்தப் பதில் அச்சாகி வந்ததும் இரண்டையும் சேர்த்து அந்த அப்பாவிடம் கொடுப்பேன், நைட் ஷிப்ட் முடித்து அவர் இறங்கும் பஸ் ஸ்டாண்டிலேயே நின்று. அவர் படித்துவிட்டு முடிவு செய்யட்டும். லெஃப்ட் பேக் இடத்தில் வேறு யாரையும் நான் இன்னும் போடவில்லை.